நீலம்

மாரெக்கும் நானும் ஒன்பது நாளாக
விரல்களால் பேசிவருகிறோம்.
ஒரு விரல், பிறகு ஏழு: பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
கழுத்துக்குக் குறுக்கே கை: கரண்டை நிறுத்து.
உள்ளங்கையால் காற்றை மெல்ல அமுக்கினால்
டீ வருகிறது, பொறு.

ஜவ்வரிசி காயவைக்கும் எந்திரம்
போலந்திலிருந்து பதினோரு பெட்டியில் வந்தது.
பெட்டியில் வராத ஒரே பாகம்
இவர்தான் என்பார் முதலாளி.

ஒன்பதாம் நாள் பிளேடு என் கட்டைவிரலைக் கிழித்தது.
மாரெக் தன் மொழியில் என்னவோ சொன்னார்.
திட்டாகத்தான் இருக்கும்,
எந்திரத்தையா என்னையா, தெரியவில்லை.
பஞ்சு வைத்து, மேலே நீல இன்சுலேஷன் டேப் சுற்றி,
பல்லால் கடித்து அறுத்தார்.

மறுநாள் குகையில் வண்டி வேடிக்கை.
வேலைக்கு வரமாட்டேன், நீங்கள் அங்கே வாருங்கள்,
இதைச் சொல்ல வேண்டும்.
தலைக்கு மேல் சடைமுடி வரைந்தேன்.
கண்ணை உருட்டி அசையாமல் நின்றேன்.
லாரி ஓட்டிக் காட்டினேன்.
அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.
காய்ச்சல் இல்லை.

மூன்று மணிக்கே ஏகாம்பரம் அண்ணன்
என்னைச் சிவனாக்க உட்காரவைத்தார்.
இந்த ஆடிக்கு எங்கள் தெரு வண்டியில் ஆலகாலம்.
கழுத்துக்கு நீலம் குழைத்தவர் விரலைப் பார்த்து
"டேப்பு இருக்கட்டும், கலரு ஒத்துப்போவுது" என்றார்.
மீசை எடுத்த மாதேசன் பார்வதி.
அவன் கை என் தொண்டையில்.
நஞ்சு கீழே இறங்கக் கூடாது, மேலே வரக் கூடாது.
நான் பேசக் கூடாது, அசையக் கூடாது,
மூக்கு அரித்தாலும் கூடாது.
ஜெனரேட்டர் புகைக்கு மட்டும்
எங்கும் போக அனுமதி.

திருச்சி ரோட்டில் வண்டி ஊர்ந்தபோது பார்த்தேன்,
கூட்டத்துக்கு மேலே ஒரு தலை.
கையில் தட்டுவடை செட், சட்னி வழிய.
பக்கத்தில் முதலாளியின் டிரைவர்
"காட், காட்" என்கிறான்.
செல்போன் கடை இர்ஃபான்
"சிவா. பாய்சன். டிரிங்க். நோ டெத்" என்கிறான்.
ஓர் அம்மா, சத்தம் கூட்டினால்
தமிழ் புரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்,
பாற்கடல் முழுவதையும் அவர் காதில் கடைகிறாள்.

எல்லோருக்கும் சேர்த்துத் தலையாட்டுகிறார் மாரெக்.
அவர் பார்வை காலிலிருந்து ஏறுகிறது:
வெல்வெட்டில் தைத்த புலித்தோல்,
ரப்பர் பாம்பு, திருநீறு,
கிண்ணம் பிடித்த கை.
கட்டைவிரல்.

மெல்லுவது நின்றது.

கூப்பிடவில்லை. கை அசைக்கவில்லை.
தட்டுவடையை இர்ஃபானிடம் கொடுத்துவிட்டு
கூட்டத்துக்கு மேலே உயர்த்தினார்
ஒரு விரல்.
பிறகு ஏழு.

நான் ஆலகாலம் குடித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா,
இப்போது ஸ்பேனர் எடுத்துத் தர முடியாது.

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது.
மாதேசன் விரல்களுக்கு அது தெரிந்திருக்கும்,
அமுக்கிப் பிடித்தான். நல்ல பார்வதி.
என் கண்ணில் நீர் முட்டியதும்
"சாமிக்குக் கண்ணு கலங்குது பாருங்கடி"
என்று குலவை போட்டார்கள்.

மறுநாள் காலை ஆலையில்
கிழங்குப் பால் புளித்த வாடை, வழக்கம்போல.
தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும்
கழுத்தில் நீலம் போகவில்லை.
மாரெக் வெகுநேரம் அதையே பார்த்தார்.
மூன்று வாய் கடந்து அவரிடம் சேர்ந்த கதை
இப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்:
வையாபுரிக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு,
ராத்திரியெல்லாம் வீட்டம்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

பையைத் துழாவி எடுத்துத் தந்தார்
ஓர் இருமல் மிட்டாய்.
தாளில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
வாயில் போட்டதும்
ஏற்காட்டுத் தைலமரங்களுக்கு நடுவே
மழை விட்டதுபோல் ஒரு காற்று.

விழுங்கவில்லை.
துப்பவும் இல்லை.
கரையும்வரை அங்கேயே வைத்திருந்தேன்.

அவர் ஒரு விரலை உயர்த்தினார்,
பிறகு ஏழை.
எடுத்துக் கொடுத்தேன்.